ஃபிஃப்த் வீலா, டிராவல் டிரெய்லரா? நம்ம டெல்டா ரோட்டுக்கு எது செட்டாகும்?

ராத்திரி பதினொரு மணி. ‘கடைசியா ஒண்ணே ஒண்ணு’ன்னு சொல்லிக்கிட்டே ரீல்ஸைத் தள்ளிட்டு இருக்கீங்க. திடீர்னு ஒரு வீடியோ. நீளமான நெடுஞ்சாலை, பெரிய பிக்-அப் டிரக், அதுக்குப் பின்னால ஒரு முழு வீடு. கதவைத் திறந்தா கிச்சன், கட்டில், ஷவர், சோபா. ஜன்னலுக்கு வெளியே மலை. வீடியோ முடியும்போது உங்க மூளை அடுத்த கணக்கை ஆரம்பிச்சிடும். ‘இதை ஒண்ணு வாங்கி, கும்பகோணம் நவக்கிரகக் கோயில் டூருக்கு வாடகைக்கு விட்டா எப்படி இருக்கும்?’

இந்தக் கேள்வியோட யூடியூப்ல தேட ஆரம்பிச்சா, முதல் அரை மணி நேரத்துலயே ஒரு சண்டை கண்ணுல படும். ஃபிஃப்த் வீல் நல்லதா, டிராவல் டிரெய்லர் நல்லதா? அமெரிக்காவிலும் கனடாவிலும் குடும்பம் குடும்பமா உட்கார்ந்து பேசுற விஷயம் இது. அந்தச் சண்டையை அப்படியே தஞ்சாவூருக்குக் கொண்டுவந்து வெச்சுப் பார்த்தா என்ன ஆகும்? நகையை அடகு வெச்சோ, பர்சனல் லோன் போட்டோ ஒரு முடிவு எடுக்கிறதுக்கு முன்னாடி, வாங்க, கொஞ்சம் நிதானமா பார்த்துடலாம்.

கேரவன்னா சினிமாக்காரங்களுக்கு மட்டுமா?

தமிழ்நாட்டுல ‘கேரவன்’னு சொன்னா ஷூட்டிங் ஸ்பாட்ல ஹீரோ ஏ.சி போட்டு உட்கார்ந்திருக்கிற வண்டிதான் முதல்ல ஞாபகம் வரும். ஆனா, அரசாங்கங்கள் அந்த வார்த்தையை இப்போ வேற அர்த்தத்துல பயன்படுத்த ஆரம்பிச்சிருக்கு.

கேரளா 2021 செப்டம்பர்ல ‘கேரவன் கேரளா’ கொள்கையை அறிவிச்சது. 2022 பிப்ரவரியில வாகமண்ல அந்த மாநிலத்தோட முதல் கேரவன் பார்க் திறக்கப்பட்டது. அந்தத் திட்டத்துல கவனிக்க வேண்டிய ஒரு விஷயம், வண்டியைப் பத்தி மட்டும் பேசாம, வண்டி நிக்கிற இடத்தைப் பத்தியும் பேசினதுதான். குறைந்தபட்சம் 50 சென்ட் நிலம், 5 கேரவன்களாவது நிறுத்த வசதின்னு பார்க்குக்கும் நிபந்தனை போட்டாங்க.

தமிழ்நாடு அரசு 2023-ல வெளியிட்ட சுற்றுலாக் கொள்கையிலயும் கேரவன் சுற்றுலாவுக்கு இடம் இருக்கு. அதனால ‘கேரவன் பிசினஸ்’ங்கிறது இனிமே வெறும் ரீல்ஸ் கனவு இல்லை. பெரிய கோயில், தாராசுரம், கல்லணை, தரங்கம்பாடி டேனிஷ் கோட்டை, பூம்புகார், கோடியக்கரைன்னு ஒரே சுத்துல இத்தனை இடங்கள் இருக்கிற டெல்டாவுக்கு அது வராமப் போகாது. வரும்போது எந்த வடிவத்துல வரணுங்கிறதுதான் கேள்வி.

ரெண்டுக்கும் என்னதான் வித்தியாசம்?

ரெண்டுக்குமே சொந்தமா இன்ஜின் கிடையாது. இன்னொரு வண்டி இழுத்தாத்தான் நகரும். எங்கே மாட்டி இழுக்கிறோங்கிறதுலதான் வித்தியாசம்.

டிராவல் டிரெய்லரை, காரோ ஜீப்போ எதுவா இருந்தாலும், அதோட பின்பக்க பம்பருக்குக் கீழே இருக்கிற பந்து மாதிரியான கொக்கியில மாட்டுவாங்க. ஃபிஃப்த் வீலை அப்படி மாட்ட முடியாது. பிக்-அப் டிரக்கோட திறந்த தொட்டிக்குள்ள, பின் அச்சுக்கு நேர் மேலே ஒரு தட்டு இருக்கும். டிரெய்லரோட மூக்குப் பகுதி உயர்ந்து போய் அந்தத் தட்டுல உட்காரும். கன்டெய்னர் ஏத்திட்டுப் போற நீளமான டிரெய்லர் லாரியைப் பார்த்திருப்பீங்க இல்லையா? அதே டெக்னிக்தான்.

‘அஞ்சாவது சக்கரம்’னு பேர் வந்தது குதிரை வண்டிக் காலத்துல. நாலு சக்கரக் குதிரை வண்டி வளையுறதுக்காக முன் அச்சுக்கு மேலே படுக்கை வாட்டத்துல ஒரு சக்கரம் வெச்சாங்க. ஓடுற சக்கரம் நாலு, திருப்புற சக்கரம் அஞ்சாவது.

சரி, பம்பர்ல மாட்டினா என்ன, தொட்டியில மாட்டினா என்ன? இதுக்குப் பதில் அமெரிக்க வீடியோவுல தேட வேண்டாம். நம்ம ஊர்லயே இருக்கு.

மாட்டு வண்டிக்காரருக்குத் தெரிஞ்ச ரகசியம்

வீட்ல தாத்தா இருந்தா ‘முன்பாரம்’, ‘பின்பாரம்’னா என்னன்னு கேட்டுப் பாருங்க. மாட்டு வண்டியில நெல் மூட்டை ஏத்தும்போது பாரம் முன்னால கூடிட்டா, நுகத்தடி மாட்டோட கழுத்தை அமுக்கும். பின்னால கூடிட்டா, ஏர்க்கால் மேலே தூக்கி, பூட்டாங்கயிறு மாட்டோட கழுத்தை இறுக்கும். நல்ல வண்டிக்காரர் மூட்டையை முன்னே பின்னே நகர்த்தி, நுகத்துல கொஞ்சமா முன்பாரம் நிக்கிற மாதிரி வெச்சுட்டுத்தான் மாட்டை ஓட்டுவார்.

டிராவல் டிரெய்லரோட முழு விஞ்ஞானமும் இதுதான். டிரெய்லரோட மொத்த எடையில 10 முதல் 15 சதவிகிதம் வரை கொக்கி மேல உட்காரணும்னு சொல்றாங்க. அதுக்குக் கீழே போனா பின்பாரம். ஸ்பீடு ஏறினதும் டிரெய்லர் வால் ஆட்ட ஆரம்பிக்கும். பக்கத்துல ஒரு ஆம்னி பஸ் வேகமா கடந்து போனாலோ, கொள்ளிடம் பாலத்து மேல காத்து அடிச்சாலோ ஆட்டம் கூடும். ரொம்பக் கூடிட்டா, இழுக்கிற காரையும் சேர்த்துத் திருப்பிடும்.

ஃபிஃப்த் வீல்ல இந்த ஆட்டம் ரொம்பக் குறைவு. ஏன்னா, அதோட எடையில 15 முதல் 25 சதவிகிதம் வரை டிரக்கோட பின் அச்சு மேலயே உட்காருது. அச்சுக்குப் பின்னால தள்ளித் தொங்காம, அச்சு மேலயே இருக்கிறதால டிரக்கைத் திருப்புற நெம்புகோல் வேலை அங்கே நடக்காது. ரீல்ஸ்ல அவ்வளவு பெரிய வீடு அவ்வளவு சாதுவாகப் பின்னால வர்றதுக்குக் காரணம் இதுதான்.

இன்னொரு உதாரணமும் நம்ம வயல்லயே இருக்கு. டிராக்டர்ல ரெண்டு சக்கர டிரெய்லரும் உண்டு, நாலு சக்கர டிரெய்லரும் உண்டு. ரெண்டு சக்கர டிரெய்லர், பாரத்துல ஒரு பங்கை டிராக்டரோட பின்சக்கரத்துக்குக் கொடுக்கும். அதனால சேத்துல சக்கரம் வழுக்காம பிடிச்சு இழுக்கும். அதுவே அளவு மீறினா? குருங்குளம் சர்க்கரை ஆலைப் பக்கம் கரும்பு லோடு ஏத்திட்டுப் போற டிராக்டர்களைப் பார்த்தவங்களுக்குத் தெரியும். மேடு ஏறும்போது முன்சக்கரம் தரையை விட்டுத் தூக்கப் பார்க்கும். முன்சக்கரம் தூக்கினா ஸ்டீயரிங் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

ஆக, ‘எது நல்லது’ன்னு கேக்கறதுக்கு முன்னாடி ‘பாரம் எங்கே உட்காருது, அதைத் தாங்குற வண்டி எது’ன்னு கேக்கணும். ஃபிஃப்த் வீல் கனவு நம்ம ஊர்ல இடறுறது இந்தக் கேள்வியிலதான்.

தாங்குற பிக்-அப் எங்கே?

அமெரிக்காவுல ஃபிஃப்த் வீலை இழுக்கிறது ஃபோர்டு எஃப்-250, ராம் 2500 மாதிரியான பெரிய டிரக்குகள். அதெல்லாம் இந்தியாவுல ஷோரூம்ல விற்பனைக்கு இல்லை. இங்கே சொந்த உபயோகத்துக்குக் கிடைக்கிற பிக்-அப்னா, 2016-ல வந்த இசுஸு வி-கிராஸ், 2022-ல வந்த டொயோட்டா ஹைலக்ஸ். ரெண்டுமே நல்ல வண்டிகள்தான். ஆனா, அஞ்சு பேர் உட்காருற கேபின் போக மிச்சமிருக்கிற தொட்டி ஏறக்குறைய அஞ்சடி நீளம். தாங்குற பாரம் ஒரு டன்னுக்கும் குறைவு.

இப்போ கணக்குப் போடுங்க. 3,000 கிலோ எடையுள்ள ஃபிஃப்த் வீல்னு வெச்சுக்குவோம். அமெரிக்கக் கணக்குல அது சின்ன சைஸ். அதுல 20 சதவிகிதம்னா 600 கிலோ. கேபின்ல நாலு பேர், ஆளுக்கு 65 கிலோன்னா 260. மொத்தம் 860 கிலோ. இதுல பெட்டி, தண்ணி கேன், பாட்டி கட்டிக்கொடுத்த புளியோதரை எதையும் சேர்க்கலை. பிக்-அப்போட இடுப்பு அங்கேயே ஒடிஞ்சிடும். தொட்டி குட்டையா இருக்கிறதால இன்னொரு தொல்லையும் இருக்கு. வளையும்போது டிரெய்லரோட மூக்கு கேபினோட பின் கண்ணாடியில இடிக்கும். அதைத் தவிர்க்க, பின்னால நகர்ந்து கொடுக்கிற தனி ரக ஹிட்ச் வேணும்.

இதையே டிராவல் டிரெய்லருக்குப் போட்டுப் பாருங்க. 1,000 கிலோ டிரெய்லர், 12 சதவிகிதம்னா கொக்கி மேல வெறும் 120 கிலோ. பின் சீட்ல ரெண்டு பேர் உட்கார்ந்த மாதிரி. அதுக்காக எந்தக் காரும் இழுக்கும்னு அர்த்தம் இல்லை. உங்க கார் மேனுவலை எடுத்து, டிரெய்லர் இழுக்கிறது பத்தின பக்கத்தைத் தேடுங்க. ‘இந்த வண்டியில இழுக்காதீங்க’ன்னே சில மேனுவல்ல போட்டிருக்கும். ஐரோப்பாவுல 750 கிலோவுக்கு மேல போற டிரெய்லருக்குச் சொந்த பிரேக் கட்டாயம். அந்த எண்ணை மட்டும் மனசுல வெச்சுக்கங்க. இழுக்கிறதை விட நிறுத்துறதுதான் கஷ்டம்.

சட்டம் என்ன சொல்லுது?

ஆச்சர்யமான விஷயம், நம்ம மோட்டார் வாகனச் சட்டம் 1988 இந்த ரெண்டையும் தெளிவாப் பிரிச்சு வெச்சிருக்கு. இன்னொரு மோட்டார் வண்டி இழுத்துட்டுப் போறது ‘டிரெய்லர்’. அதுல ஒரு பகுதி இழுக்கிற வண்டி மேல ஏறி உட்கார்ந்து, எடையில ஒரு பங்கை அந்த வண்டியே தாங்கினா அது ‘செமி டிரெய்லர்’. அதாவது, ஃபிஃப்த் வீல் நம்ம சட்டத்தோட கண்ணுல கன்டெய்னர் லாரியோட சொந்தக்காரன்.

பதிவு பண்ணின டிரெய்லரைத்தான் ரோட்ல இழுக்க முடியும். வாகனப் பதிவுக்கான ‘வாகன்’ இணையதளத்துல கேம்பர் வேன், டிரெய்லர், மோட்டார் கேரவன்னு தனி வகைகளே இருக்கு. பட்டறையில குடுத்து வெல்டிங் அடிச்சு, கட்டில் போட்டு, பெயின்ட் அடிச்சு ஓட்டிடலாம்னு நினைச்சா முடியாது. கம்பெனி தந்த அமைப்பை மாத்தினா சட்டத்தோட 52-வது பிரிவு குறுக்கே வரும். பிக்-அப் தொட்டியில ஃபிஃப்த் வீல் தட்டைப் பொருத்துறதும், டெம்போ டிராவலரை வீடா மாத்துறதும் ஆர்.டி.ஓ ஒப்புதல் வாங்கி, ஆர்.சி-யில ஏத்திட்டுச் செய்ய வேண்டிய வேலைகள்.

லைசென்ஸ் பத்தியும் ஒரு வார்த்தை. 2024 நவம்பர் 6-ம் தேதி உச்ச நீதிமன்றத்தோட அரசியல் சாசன அமர்வு ஒரு தீர்ப்பு சொன்னது. எல்.எம்.வி லைசென்ஸ் இருக்கிறவங்க, மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனத்தையும் தனி அனுமதி இல்லாம ஓட்டலாம்ங்கிறதுதான் அதோட சாரம். டிராக்டர் லைசென்ஸ் இருக்கிற ஒருத்தர் அதுல டிரெய்லரை மாட்டினதாலேயே அவரோட லைசென்ஸ் செல்லாமப் போயிடாதுன்னு 2001-லயே இன்னொரு வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. ஆனா, இந்தத் தீர்ப்புகள் எதுவும் கேரவனை மனசுல வெச்சு வந்ததில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரர் போன்ல சொல்ற ‘ஒண்ணும் பிரச்னை இல்ல சார்’ங்கிற பதிலை நம்பாதீங்க. எழுத்துல வாங்குங்க.

வெளிநாட்ல இருக்கிற நம்ம ஆளுங்களைப் பார்த்துட்டு ‘அவன் சாதாரண லைசென்ஸ்ல இழுக்கிறானே’ன்னு தோணலாம். உண்மைதான். கனடாவோட ஒன்டாரியோ மாகாணத்துல சாதாரண ‘ஜி’ லைசென்ஸுக்கு 4,600 கிலோ வரைக்கும் டிரெய்லர் இழுக்கலாம். பிரிட்டன்ல 2021 டிசம்பர் 16-ல இருந்து கார் லைசென்ஸ் இருந்தாலே 3,500 கிலோ வரைக்கும் இழுக்க அனுமதி. ஆனா, அந்த எண்களுக்குப் பின்னால அகலமான ரோடு இருக்கு. அடுத்த விஷயமே அதுதான்.

கரை ரோட்டுல எதிர்ல பஸ் வந்தா?

திருச்சி – தஞ்சாவூர் நாலு வழிச்சாலையில எதை இழுத்துட்டு வந்தாலும் ஜம்முனு வரலாம். ஆனா டெல்டாவோட அழகு அந்த ரோட்ல இல்லை. திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, பாபநாசம், வலங்கைமான் பக்கம் ஆத்துக் கரையையும் வாய்க்கால் கரையையும் ஒட்டிப் போற ரோட்லதான் இருக்கு. ஒரு பக்கம் தண்ணி, இன்னொரு பக்கம் வயல், நடுவுல தார் ரோடு.

ஒற்றை வழிச் சாலையோட தார் அகலம் பொதுவா 3.75 மீட்டர். உள்ளூர் கிராமச் சாலைன்னா 3 மீட்டரும் இருக்கும். பெரிய ஃபிஃப்த் வீலோட அகலம் ஏறக்குறைய 2.6 மீட்டர். எதிர்ல மினி பஸ் வந்தா யாராவது ஒருத்தர் ரிவர்ஸ் எடுத்துத்தான் ஆகணும்.

ரிவர்ஸ் எடுக்கிறதுல ஃபிஃப்த் வீலுக்கு ஒரு பிளஸ் உண்டு. அது நிதானமா வளையும். டிராவல் டிரெய்லர், அதுவும் குட்டையா இருந்தா, ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் திருப்பினதும் சட்டுனு மடங்கிடும். இடது பக்கம் போகணும்னா ஸ்டீயரிங்கை வலது பக்கம் திருப்பணும். இந்த வித்தை கைவந்தவங்க நம்ம ஊர்லயே இருக்காங்க. கொள்முதல் நிலையத்து வாசல்ல, முன்னால ரெண்டு லாரி, பின்னால நாலு டிராக்டர் நிக்கும்போது, நெல் லோடோட டிரெய்லரை ஒரே மூச்சுல சந்துக்குள்ள சொருகிட்டு பீடியைப் பத்த வைக்கிற அண்ணனைப் பார்த்திருக்கீங்களா? அவர்கிட்ட ஒரு ஞாயித்துக்கிழமை காலி மைதானத்துல கத்துக்கங்க. எந்த யூடியூப் வீடியோவும் அவ்வளவு சொல்லிக் கொடுக்காது.

முன்னால போகும்போது நிலைமை தலைகீழ். ஃபிஃப்த் வீல் திருப்பத்துல மூலையை உள்பக்கமா நிறைய வெட்டும். கரை ரோட்ல இருந்து மதகுப் பாலத்து மேல திரும்பும்போது டிரக் பாலத்துல ஏறிடும், டிரெய்லரோட உள்சக்கரம் வாய்க்கால்ல இறங்கிடும். டிராவல் டிரெய்லர் காரோட தடத்தை ஓரளவு ஒட்டி வரும். பாலத்து மூலையில அந்த ஓரடி வித்தியாசம்தான் உங்களைக் காப்பாத்தும்.

சீசனையும் பாருங்க. சம்பா அறுவடை சமயத்துல பாதி ரோட்ல நெல் காயும். ஓரத்துல கல்லு வரிசை கட்டியிருக்கும். அதை ஒதுக்கச் சொல்ல உங்களுக்கோ எனக்கோ உரிமை இல்லை. அவங்க ஆறு மாச உழைப்பு அது. அறுவடை மெஷின் ஏத்தின லாரி எதிர்ல வந்தா இன்னும் சிக்கல். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் மழை. ஆத்துல தண்ணி ஓடுற மாசங்கள்ல கரையோரம் ஊறிப் போயிருக்கும். மேல பார்த்தா கெட்டியா தெரியுற களிமண்ணுல மூணு டன் வண்டியோட ஒரு சக்கரம் இறங்கிட்டா, எடுக்க ஜே.சி.பி-தான் வரணும்.

தலைக்கு மேலே இருக்கிற கம்பி

இந்தப் பகுதியை மட்டும் ஸ்கிப் பண்ணாம படிங்க.

2022 ஏப்ரல் 27. தஞ்சாவூர் பக்கத்துல களிமேடு. அப்பர் குருபூஜைக்காக அதிகாலையில தேர் இழுத்துட்டுப் போனாங்க. தேரோட மேல்பகுதி உயர் அழுத்த மின்கம்பியில பட்டது. 11 பேர் இறந்துபோனாங்க. குழந்தைகளும் அதுல இருந்தாங்க. தஞ்சாவூர்ல இருக்கிற யாரும் அந்த நாளை மறக்க மாட்டாங்க.

நம்ம ஊர்த் தெருக்கள்ல உயரம்ங்கிறது உயிர் சம்பந்தப்பட்ட கணக்கு. ஃபிஃப்த் வீலோட மூக்கு டிரக் மேல ஏறி உட்காருறதால அது இயல்பாவே உயரமான வண்டி. பொதுவா 12 அடியைத் தாண்டும். மேல ஏ.சி பெட்டியோட சேர்த்தா 13 அடியையும் தொடும். ஏறக்குறைய 4 மீட்டர். டிராவல் டிரெய்லர் அதைவிட ரெண்டு மூணு அடி குறைவு. சின்ன ரகங்கள் காரை விடக் கொஞ்சம்தான் உயரம்.

கோயில் தெருவுல தொங்குற வீட்டு இணைப்புக் கம்பி, திருவிழாவுக்குக் கட்டின சீரியல் லைட், ஊர் நுழைவாயில் வளைவு, ரயில் பாதைக்குக் கீழ போற சுரங்கப்பாலம் எல்லாம் லாரி டிரைவருக்கு மனப்பாடம். கூகுள் மேப்புக்கு அது தெரியாது. கார் போற வழியைத்தான் அது காட்டும். உங்க வண்டி காரோட உயரம் இல்லைன்னு அதுக்கு யாரும் சொல்லலை.

இன்னொரு விஷயமும் இதோட சேர்ந்ததுதான். ஓடுற டிரெய்லருக்குள்ள ஆள் உட்காரக் கூடாது. ‘உள்ளே சோபா இருக்கே, பசங்க படுத்துட்டு வரட்டுமே’ன்னு தோணும். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் டிராக்டர் டிரெய்லர்ல ஆள் ஏத்திட்டுப் போய்ப் பழகின ஊர் நம்மளோடது. அது கவிழ்ந்த செய்திகளையும் நாம படிச்சுக்கிட்டுத்தான் இருக்கோம். டிரெய்லருக்குள்ள சீட் பெல்ட் இல்லை, கொக்கி கழண்டா பிடிச்சுக்க எதுவும் இல்லை. வயசான அப்பா அம்மா படுத்துட்டே வரணும், பாத்ரூம் போகணும்னா, அதுக்கு இன்ஜினோட சேர்ந்த மோட்டார் கேரவன்தான் சரி. அதுலயும் பெல்ட் போட்ட சீட்லதான் உட்காரணும்.

ராத்திரி எங்கே நிறுத்துவீங்க?

இந்தக் கேள்வியை ரீல்ஸ் கேக்கவே கேக்காது. கேரவன்ல ரெண்டு வகைத் தண்ணி சேரும். குளிச்ச, பாத்திரம் கழுவின தண்ணி ஒண்ணு. கழிப்பறைக் கழிவு இன்னொண்ணு. ரெண்டும் வண்டிக்கு அடியில இருக்கிற தொட்டியில நிறையும். வெளிநாட்டு கேம்ப் கிரவுண்டுகள்ல குழாய் மாட்டிக் காலி பண்ண இடம் இருக்கும்.

டெல்டாவுல? ரோட்டை ஒட்டி எங்கே பார்த்தாலும் வாய்க்கால். ராத்திரி யாரும் பார்க்காத நேரத்துல குழாயைத் திறந்துவிட்டா வேலை முடிஞ்சது. ஆனா, அந்த வாய்க்கால்லதான் காலையில ஒரு அம்மா துணி துவைப்பாங்க, மாடு தண்ணி குடிக்கும், நாத்தங்காலுக்கு மடை திறப்பாங்க. மேட்டூர்ல ஜூன் 12-ம் தேதி தண்ணி திறப்பாங்களான்னு ஒவ்வொரு வருஷமும் காத்திருக்கிற மக்களோட தண்ணி அது. டூர் வந்தவங்க போயிடுவாங்க. ஊர் அங்கேயேதான் இருக்கும்.

அதனால கேரவன் சுற்றுலா டெல்டாவுக்கு வரணும்னா, முதல் கேரவனுக்கு முன்னாடி முதல் பார்க் வரணும். கெட்டியான தரை, 15 ஆம்ப்ஸ் மின் இணைப்பு, குடிதண்ணி, கழிவைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோற ஏற்பாடு. கேரளா செஞ்ச மாதிரி பார்க்குக்கும் விதி போட்டுட்டு வண்டிக்குச் சலுகை கொடுக்கிறதுதான் சரியான வரிசை. இங்கே வண்டிகள் மட்டும் முதல்ல வந்துட்டா, அதோட விலையைக் கொடுக்கப் போறது வாய்க்கால்தான்.

பார்டர் விஷயம் ஒண்ணும் இருக்கு. நவக்கிரக டூர்ல ஒன்பது கோயில்ல எட்டு தமிழ்நாட்டுல. திருநள்ளாறு மட்டும் காரைக்கால்ல, அதாவது புதுச்சேரி யூனியன் பிரதேசத்துல. வாடகைக்கு விடுற வண்டின்னா பர்மிட் கணக்கை முதல் நாளே சரி பண்ணிக்கங்க. சனீஸ்வரன் மேல பழி போடக் கூடாது.

சரி, எதைத்தான் எடுக்கிறது?

நேரா சொல்லிடறேன்.

ஃபிஃப்த் வீல்: வசதி, ஸ்டெடி, இடம் எல்லாத்துலயும் ராஜா. ஆனா, அதைத் தாங்குற பிக்-அப் இங்கே இல்லை, அது திரும்புற தெரு இல்லை, நிக்கிற தரை இல்லை. டெல்டாவுக்கு இப்போதைக்கு வேண்டாம்.

டிராவல் டிரெய்லர்: 750 கிலோவுல இருந்து ஒரு டன்னுக்குள்ள இருக்கிற சின்ன ரகம் மட்டும் சாத்தியம். கணவன் மனைவி, ஒரு குழந்தைன்னா போதும். கொண்டுபோய் ஒரு இடத்துல நிறுத்தி, கழட்டிவிட்டுட்டு, கார்ல ஊர் சுத்தலாம். பெரிய பிளஸ் இதுதான். கோயில் தெருவுக்குள்ள வீட்டையும் சேர்த்து இழுத்துட்டுப் போக வேண்டியதில்லை.

மோட்டார் கேரவன்: வாடகைக்கு விடுறதுதான் உங்க திட்டம்னா இதுதான் யதார்த்தம். ஓட்டுறதுக்கு ரிவர்ஸ் வித்தை தேவையில்லை, டிரைவர் கிடைப்பார், பயணிகள் உள்ளேயே உட்கார்ந்து வரலாம். ஆனா, வருஷத்துல எத்தனை நாள் ஓடும்? மழை மூணு மாசம் படுத்துடும். ஏப்ரல், மே வெயில்ல ஏ.சி இல்லாம அந்தத் தகரப் பெட்டிக்குள்ள பத்து நிமிஷம் இருக்க முடியாது. இ.எம்.ஐ-க்கு மட்டும் மழையும் தெரியாது, வெயிலும் தெரியாது.

அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி இந்த அஞ்சு வேலையை முடிச்சிடுங்க:

1. எந்த வகையா இருந்தாலும் ரெண்டு நாள் வாடகைக்கு எடுத்து, உங்க குடும்பத்தோட தங்கிப் பாருங்க. பாத்ரூம் தொட்டியை நீங்களே காலி பண்ணிப் பாருங்க.

2. சாமான், தண்ணி எல்லாம் ஏத்தி, எடை மேடையில நிறுத்துங்க. முழு எடை ஒரு சீட்டு, கொக்கி பாரம் ஒரு சீட்டு. விற்கிறவர் சொல்ற எடை காலி வண்டியோடது.

3. வண்டியோட உயரத்தை டேப் வெச்சு அளந்து, டேஷ்போர்டுல எழுதி ஒட்டுங்க.

4. நீங்க போக நினைக்கிற ரூட்டை முதல்ல பைக்ல போய்ப் பாருங்க. எங்கே ஒதுங்கலாம், எங்கே திரும்பலாம், எங்கே கம்பி தொங்குதுன்னு குறிச்சுக்கங்க.

5. டிரெய்லர் ஆட ஆரம்பிச்சா என்ன செய்யணும்னு மனப்பாடம் பண்ணிக்கங்க. சடன் பிரேக் வேண்டாம், ஸ்டீயரிங்கை ஒடிக்க வேண்டாம். ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேரா பிடிங்க. வேகம் தானா குறையும். அப்புறம் நிறுத்தி, பாரத்தை முன்னால நகர்த்துங்க.

அஞ்சாவதை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? மாட்டு வண்டி காலத்துல இருந்து டெல்டா செஞ்சுட்டு இருக்கிறதுதான். பின்பாரமா இருந்தா, வண்டியை நிறுத்தி மூட்டையை முன்னால தள்ளு.

ரீல்ஸ்ல பார்க்கிற வீடு நல்லாத்தான் இருக்கு. அதை இழுத்துட்டு வர ஆசைப்படறதும் தப்பில்லை. ஆனா அடுத்த தடவை கொள்முதல் நிலையத்துப் பக்கம் போனா, ரெண்டு நிமிஷம் வண்டியை ஓரம் கட்டுங்க. அந்த டிராக்டர் அண்ணன்கிட்ட ஒரு டீ வாங்கிக் கொடுத்துட்டு, ‘அண்ணே, எதை எதுல மாட்டினா நல்லது?’ன்னு கேளுங்க. ஷோரூம்ல அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி அவர் பதிலையும் ஒரு தடவை கேட்டுட்டுப் போங்க.